பரஞ்சோதியின் தோளில் ஒரு கை

தோளில் கை இருக்கிறது என்று ஜெயகுமார் கைப்பேசியில் சொன்னபோது ரூபினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் பாரிட் புந்தாரைத் தாண்டிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே அறுத்த வயலில் வைக்கோல் எரிந்து புகைந்தது. பெட்டிக்குள் குளிரூட்டியின் குளிர், யாரோ பிரித்த நாசி லெமாக் பொட்டலத்தின் சம்பல் வாசம், நல்ல பகல் வெளிச்சம். பயப்படுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"அக்கா, படத்துல அப்பாவுக்கு கோட்டு நல்லா ஒக்காந்திருக்கு. உசுரோட இருந்தா அவரே தன்ன அடையாளம் கண்டிருக்க மாட்டாரு. ஆனா தோள்ல ஒரு கை இருக்குக்கா."

"கூட நின்னவங்க கையா இருக்கும் தம்பி. வெட்டுறப்ப விட்டுப்போச்சு."

"கூட யாரும் நிக்கலலா. நான்தானே எடுத்தேன். பின்னாடி ஸ்டோர் சுவரு மட்டும்தான்."

ரூபினி பதில் சொல்வதற்குள் அவனே தொடர்ந்தான். "அம்மா வேற அழிக்காதங்குது. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது. கருமக்கிரியைக்கு ஊரே வரும், கையோட எப்படிக்கா ஒட்டுறது? நீங்க அழிச்சு அனுப்பிருங்க."

"வெளிய இருக்கேன்டா. சரி, போன்லேயே வீட்டுக் கம்ப்யூட்டர தொறந்து பாக்குறேன்."

சுங்கைப் பட்டாணி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து இரங்கல் அறிவிப்புகளும் பேனர்களும் செய்வதுதான் அவள் பிழைப்பு. ஜெராய் மலையடி ரப்பர் தோட்டத்தில் அம்மாவோடு பால்வெட்டப் போனவள். அங்கே செத்தவர்களில் பாதிப் பேருக்கு அவள்தான் படத்தில் கோட்டு போட்டுவிட்டாள். வெயிலிலும் பால் உறையவைக்கும் ஆசிட்டிலும் கருகி, ஒரு நல்ல சட்டைக்கு வழியில்லாமல் போனவர்களுக்குச் செத்த பிறகு கோட்டும் டையும் வேண்டும் என்பார்கள் பிள்ளைகள். அவளிடம் இருந்தது ஒரே கருநீலக் கோட்டு. அதை எல்லோருக்கும் போட்டு, முகத்தை இரண்டு பங்கு வெளுப்பாக்கிக் கொடுப்பாள். புதிய பேனர் மெஷின் ஒன்றைப் பார்க்கத்தான் இப்போது கோலாலம்பூர் போகிறாள்.

கணினியை அவள் அணைப்பதே இல்லை. கைப்பேசியில் கடவுச்சொல்லைப் போட்டதும் வீட்டுத் திரை உள்ளங்கையளவில் விரிந்தது. ஜெயகுமாரின் அப்பா பரஞ்சோதியின் படத்தைப் பெரிதாக்கினாள்.

கை இருந்தது.

இடது தோளில், மணிக்கட்டோடு முடிந்த கை. கோட்டுத் துணியை லேசாக அழுத்தியிருந்தது. அழுத்திய இடத்தில் துணி மடிந்திருந்தது. நகக்கண்களில் ரப்பர்பால் உறைந்து கறுத்த அழுக்கு. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத அழுக்கு அது, அவள் அம்மா கையிலும் இருந்தது. ஆனால் இந்தக் கோட்டை அவள் நேற்றுத்தான் ஒட்டினாள். கோட்டின்மேல் கை எப்படி வந்தது? மூலப்படத்தைத் திறந்தாள். கிழவர் சிரிக்காமல் தனியாக நின்றார். பின்னால் சுவர் மட்டும்.

போன மாதப் படம் எதிலோ இருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அழிப்பானை எடுத்து விரலால் தேய்த்தாள். நகம் போனது. விரல்கள் போயின. மணிக்கட்டு போக மட்டும் நேரம் பிடித்தது. தேய்க்கத் தேய்க்கத் திரும்பத் திரும்ப மங்கலாகத் தெரிந்து, பிறகு போனது. சேமித்தாள். மூடினாள். ஜெயகுமாருக்கு அனுப்பினாள்.

இணைப்பைத் துண்டிக்க விரலைக் கொண்டுபோனபோது திரையில் அம்புக்குறி நகர்ந்தது.

அவள் தொடவில்லை. அது நிதானமாக, வழி தெரிந்த ஆள் மாதிரி, கோப்புகளின் ஊடே போய் அவளுடைய கல்யாணப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்தது.

கணவன் விக்னேஸ்வரன் எழுந்துவிட்டான்போல என்று நினைத்தாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, சன்னலுக்குப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, சாயங்காலம் வரை பிணம் மாதிரி தூங்குபவன். பகலில் திருடர்கள் புகுகிறார்கள் என்று கிரில் கதவுக்கு வெளியே அவள்தான் பூட்டு போட்டுவிட்டு வந்தாள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. தூக்கத்தில் எழுந்து, பொண்டாட்டி இல்லாத ஏக்கத்தில் கல்யாணப் படம் பார்க்கிறானா? அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அழைத்தாள்.

அம்புக்குறி ஒரு படத்தை எடுத்து வேலை மேசையில் போட்டது. மாலையோடு அவனும் அவளும். அவன் காதோரத்திலிருந்து வெட்டத் தொடங்கியது.

சிரிப்பு நின்றது.

விக்னேஸ்வரனுக்கு அந்தக் கணினியில் பந்தாட்டம் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். இது இடது காதில் தொடங்குகிறது. இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்க்கிறது. முடியோரத்தை விட்டுவிட்டுக் கடைசியில் வந்து சுத்தம் செய்கிறது. அவள் செய்கிற மாதிரி. அச்சு அசலாக அவள் செய்கிற மாதிரி. அவளை வெட்டித் தூரப் போட்டது. அவன் மட்டும் நின்றான், வேட்டி சட்டையில். பிறகு கருநீலக் கோட்டு வந்தது.

அவள் திரையை இழுத்தாள், குத்தினாள், மூடு குறியை அழுத்தினாள். அவள் சொல்வது எதையும் அது கேட்கவில்லை. பரஞ்சோதியின் கோப்பைத் திறந்து அழித்ததைத் திரும்பக் கொண்டுவரலாமென்றால், அதைத்தான் சேமித்து மூடிவிட்டாளே. கை எங்கேயும் இல்லை. திரையில் கணவனின் முகம் ஒரு பங்கு வெளுத்தது. இன்னொரு பங்கு வெளுத்தது. இடது தோளில் எண்ணெய்க்கறை மாதிரி ஏதோ மெல்ல ஊறி, விரல் விரலாகப் பிரிந்தது. கறுத்த நகங்கள்.

பக்கத்து வீட்டுப் பிரேமாவதியை அழைத்தாள்.

"என்னடி, அதுக்குள்ள கே.எல். சேந்துட்டியா? பறந்தா போன?"

"அக்கா, எங்க வீட்டுல அவர கொஞ்சம் எழுப்பிவிடுங்க. சீக்கிரம்."

"ராத்திரி வேலை செஞ்சு வந்த மனுசன் தூங்கட்டுமேடி. அங்க போயும் புருசன விடமாட்டியா?"

"போங்கக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

செருப்புச் சத்தம். கோழி ஒன்று கலைந்து கொக்கரித்தது. கிரில் கதவை ஆட்டும் சத்தம். "விக்னேசு, ஏ விக்னேசு. மங்கா பூட்டு வெளிய தொங்குதேடி, சாவிய நீ கொண்டு போயிட்டியா?"

"முன்னறை சன்னல் வழியா பாருங்க."

ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே ஓடியது. இருபுறமும் தண்ணீர், சாம்பல் நிறம். மலைப்பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுந்துதான்டி இருக்காரு. கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருக்காரு."

ரூபினிக்கு மூச்சு வந்தது. "கூப்பிடுங்க."

"கூப்பிட்டேன், திரும்பல. எங்கடி கெளம்புறாரு, கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு?"

"என்ன போட்டுக்கிட்டு?"

"கோட்டு, டை. கல்யாண மாப்பிள்ளையாட்டம். வெள்ளையா வேற தெரியுறாரு. பவுடர் கிவுடர் அடிச்சாரா?"

"அவருகிட்ட கோட்டு ஏதுக்கா," என்றாள் ரூபினி. "பூட்ட ஒடைங்க. யாரையாச்சும் கூப்பிட்டு ஒடைங்க."

"ஒடைக்கிறதா? எங்க வீட்டுக்காரரு வரட்டும்டி, நான் பொம்பள எப்படி..."

தைப்பிங் தாண்டி ரயில் மலைக்குள் நுழைந்தது. சுரங்கத்தின் இருட்டு. அழைப்பு அறுந்தது. கறுத்த சன்னல் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கைப்பேசியில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர் இருக்கைக் குழந்தை அவளையே பார்த்தது.

வெளிச்சம் வந்தது. முதலில் ஜெயகுமாரின் செய்தி. "தேங்ஸ்கா. இப்பக் கை இல்ல. அம்மாதான் ஒரேடியா அழுது. உங்க வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு கேட்டுச்சு."

பிறகு வீட்டுத் திரை திறந்தது. இரங்கல் அறிவிப்பு தயாராகியிருந்தது. குத்துவிளக்கு, ரோஜா, நடுவில் கோட்டோடு அவன். பெயர் போட்டிருந்தது. மறைந்த நாள் என்ற இடம் மட்டும் காலி. அங்கே ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது.

அம்புக்குறியைக் காணோம். விரலை வைத்தாள்; இப்போது அவள் சொல்வதைக் கேட்டது. கணினியின் கேமராவைத் திறந்தாள்.

முன்னறை. அவள் நாற்காலி. அதில் விக்னேஸ்வரன்.

கோட்டின் ஓரம் எங்கும் மெல்லிய வெள்ளைக் கோடு, அவசரமாக வெட்டிய படத்தில் இருப்பது மாதிரி. முகம் சுண்ணாம்பு. கண்கள் மட்டும் அவனுடையவை. நேராக அவளைப் பார்த்தன. உதடு அசையப் பார்த்தது. அசையவில்லை.

அவன் பின்னால் யாரும் இல்லை. சுவர்தான்.

இடது தோளில் கை. மணிக்கட்டோடு சரி.

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெட்டியில் எல்லோரும் திரும்பினார்கள். அவனுக்குக் கேட்கவில்லை.

கை மெல்ல எழுந்து தோளில் தட்டியது. மறுபடி தட்டியது. பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், தட்டிக்கொண்டே இருந்தது. அவன் கண்கள் அவளைப் பார்த்தபடியே மூடத் தொடங்கின.