முக்கோணம் போட்ட டியூப்

அந்தப் பெண் முதல் நாள் ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தபோது வழி தவறி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். படித்தவர்கள் யாரும் கழுவும் அறைக்கு வருவதில்லை. அழுக்குப் பாட்டில்களைத் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் இறக்கிவிடுவார்கள். கழுவி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவி மெஷினில் அவித்து, அதே வண்டியில் நான் மேலே ஏற்றுவேன். இருபத்தாறு வருடம் இப்படித்தான் போனது.

"நீங்கதான் ஆட்டோகிளேவ் தாத்தாவா?"

"தாத்தா உங்க வீட்ல இருப்பாரு. என்ன வேணும்?"

சிரித்தாள். முறைப்பாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. கையில் ஒரு பழைய நோட்டு வைத்திருந்தாள். பார்த்ததுமே தெரிந்தது, அது நெட்டையனின் நோட்டு.

நெட்டையன் என்பது நான் வைத்த பெயர். என் அறைக் கதவில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்ததில்லை. அவள் வருவதற்கு எட்டு மாதம் முன்னால், காலை ஆறரை மணிக்கு, மூன்றாம் மாடிப் படியில் உருண்டு விழுந்து கழுத்து ஒடிந்து செத்தான். அந்தப் படியை நான் துடைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஈரத்தில் வழுக்கிவிட்டான் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார் அந்த இடத்துக்குத் தலைவரான பெரிய டாக்டர். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படிக்க அவர் நேரம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எவனையும் நான் நம்பியதில்லை.

"அவர் இருந்தப்ப பாட்டில் கழுவின சோப்பும் இப்ப கழுவற சோப்பும் ஒண்ணுதானா?"

"சோப்பு அதேதான். தண்ணி அதேதான். கழுவறவனும் அதே கிழவன்தான். செத்தவன் மட்டும்தான் இல்ல."

அவள் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நுரையீரலைத் தின்கிற ஒரு கிருமி. எந்த மருந்துக்கும் அடங்காதது. மனிதர் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து அந்தக் கிருமியோடு சில மணி நேரம் மோதவிட்டு, பிறகு கிருமி வளர்க்கும் தட்டில் தடவி இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் வைப்பார்கள். கிருமி பிழைத்திருந்தால் மறுநாள் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளி. எல்லோருக்கும் புள்ளிதான் வந்தது. நெட்டையனின் தட்டு மட்டும் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பத்துப் பேரின் ரத்தத்தில் செய்து பார்த்ததாக நோட்டில் எழுதியிருந்தான். அதை வைத்துப் பெரிய டாக்டர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இப்போது யாரோ, இன்னொருவர் கையாலும் அதே முடிவு வருமா என்று கேட்டுவிட்டார்கள்.

அவள்தான் அந்த இன்னொருவர். மாதக் கடைசிக்குள் வரவில்லை என்றால் வேலை முடிந்தது.

"எனக்கு முப்பத்திமூணு வயசு. இதுக்கு மேல புதுசா யாரும் எடுக்க மாட்டாங்க தாத்தா. என் பொண்ணை எங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். போன்ல என்னை ஆன்ட்டிங்கறா."

"அப்ப போய் அம்மாவா இரேன்."

"பத்து வருஷத்தைக் குப்பையில போட்டுட்டா?"

"குப்பைய என்கிட்ட குடு. நான் பாத்துக்கறேன்."

அதற்கும் சிரித்தாள்.

அன்று முதல் அவளுடைய தட்டுகள் தினமும் என்னிடம் வந்தன. எல்லாவற்றிலும் புள்ளி. பையில் கட்டி ஆட்டோகிளேவில் போட்டு, நீராவியை ஏற்றி, சுத்தமாகக் கொன்றேன். மேலே வளர்ப்பார்கள், கீழே நான் கொல்வேன். மற்றபடி அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி எதுவும் இல்லை.

ஆனால் அவளிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை.

அவள் வந்த இரண்டாவது வாரத்திலிருந்து, காலையில் லிஃப்டில் இறங்கும் வண்டியின் மேல்தட்டில் ஒரு ரத்த டியூப் தனியாக நின்றது. ஒவ்வொருவரும் மூடியில் தன் அடையாளத்தையும் தேதியையும் எழுதுவது அங்கே வழக்கம். எனக்கு எழுத்து சரளமாக வராவிட்டாலும் அடையாளம் தெரியும். இதில் ஒரு முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி.

நெட்டையனின் அடையாளம்.

தேதி அன்றைய தேதி.

கிழவனை மிரட்டிப் பார்க்க எவனோ விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே எடுத்தேன். டியூப் சுட்டது. கொதிக்கிற சூடு இல்லை. ஆள் எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு.

அவித்துக் கொட்டிவிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். பதினோரு டியூப் கொன்றேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு காகிதம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குவார்கள்.

மாதம் முடிய பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவள் கீழே வந்து அதே வாளியில் உட்கார்ந்தாள். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

"அந்தப் பத்துப் பேரையும் தேடிப் பாத்தேன் தாத்தா. ஒருத்தர்கூட கிடைக்கல. யாருமே அவங்களப் பாத்ததில்ல."

"எப்படிக் கிடைப்பாங்க? பத்துப் பேர் எங்க இருந்தாங்க? அவன் குப்பைய அள்ளினவன் நான். கதவச் சாத்திக்கிட்டு தன் கையிலயே குத்திக்குவான். ஒரே ஆளோட பஞ்சு, ஒரே ஆளோட ஊசி. வாரம் ஆறு, ஏழு டியூப்."

அவள் என்னையே பார்த்தாள். "இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

"வாரம் ஏழு டியூப்னா, மாசக்கணக்கா..." அவள் குரல் இறங்கியது. "உடம்புல என்ன ரத்தம் மிஞ்சியிருக்கும்? படி வழுக்கல தாத்தா. அவர் மயங்கி விழுந்திருக்காரு."

நான் திரும்பி ஆட்டோகிளேவின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மெஷின் ஓடவே இல்லை.

படி வழுக்கவில்லை என்ற அந்த ஒரு வார்த்தை சொன்னதற்காகத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அன்று காலை வந்த டியூப்பை இன்னும் அவிக்கவில்லை. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பட்டதும் கையை உதறினாள். பிறகு மெதுவாக மறுபடி வாங்கிக்கொண்டாள். மூடியைப் படித்தாள். தேதியைப் படித்தாள்.

"இதக் கொட்டிடு பாப்பா."

"பயப்படணும் இல்ல நான்?" என்றாள். "பயமா இல்லையே தாத்தா. பன்னெண்டு நாள்தான் இருக்கு."

டியூப்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மறுநாள் மூன்று மாடியும் ஓடி இறங்கி வந்தாள். தட்டை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். ஒரு புள்ளி இல்லை. அவள் சிரித்த சிரிப்பை இன்றும் மறக்க முடியவில்லை. நாலு நாள் பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்த்து அப்படிச் சிரிப்பான்.

"ஒரு ஆள் போதாது, ஆறு ஆள் வேணும்ங்கறாரு பெரிய டாக்டர்," என்றாள்.

அடுத்த நாள் வண்டியில் ஆறு டியூப் நின்றன.

ஆறிலும் முக்கோணம். பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் எண்.

அவள் நோட்டில் ஆறு பேர் என்று எழுதிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு அவள் நிறம் இறங்க ஆரம்பித்தது. ஈறு வெளுத்தது, நகம் வெளுத்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. வேலைச் சுமை என்றாள். தூக்கம் இல்லை, நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுகிறேன் என்றாள். ஒரு நாள் பாட்டிலை நீட்டும்போது சட்டைக் கை மேலேறியது. முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி. அடியில் பஞ்சு. சுற்றிலும் பழைய ஊசித் தடங்கள், பச்சையும் ஊதாவுமாக.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?"

அவள் குனிந்து பார்த்தாள். தன் கையையே முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நான் குத்திக்கல தாத்தா."

"பின்ன?"

"சத்தியமா நான் இல்ல. என் ரத்தத்தை முதல் வாரமே போட்டுப் பாத்துட்டேன். கிருமி சாகல. அப்புறம் நான் எதுக்கு எடுக்கப் போறேன்?"

இருவரும் வண்டியைப் பார்த்தோம். டியூப்புகள் வரிசையாக நின்றன.

அவள் ரத்தத்தை அவள் எடுத்தால் கிருமி சாகவில்லை. அவன் எடுத்தால் செத்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

"ஊருக்குப் போயிடு. இன்னைக்கே கிளம்பு. உன் பொண்ணு உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டா என்ன, கூப்பிட நீ இருக்கணும்ல?"

"அஞ்சு நாள் தாத்தா. அஞ்சே நாள்."

"அவனும் அப்படித்தான் நெனச்சிருப்பான்."

அவள் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் ஆள் இருக்காது. நல்ல வெயில் நேரம், மணி பன்னிரண்டு. மூன்றாம் மாடியில் அந்தக் கிருமியை உறையவைத்திருக்கும் ஃப்ரீசரின் சாவி ஐஸ் சுரண்டுவதற்காக என்னிடம் ஒன்று உண்டு. நான்கு டப்பா. கிருமியே இல்லாவிட்டால் சோதனை எதற்கு, ரத்தம் எதற்கு? என் கிழட்டு மூளைக்கு எட்டிய வழி அதுதான். நான்கையும் கீழே கொண்டுவந்து ஆட்டோகிளேவில் வைத்து, கதவை இறுக்கித் திருகி, நீராவியைத் திறந்தேன்.

முள் ஏறியது.

வழக்கமாக வேக வைத்த அழுக்கு நாற்றம் வரும். அன்று பச்சை ரத்தத்தின் வாடை வந்தது.

முள் பாதிக்கு வந்தபோது உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

குழாய் சூடேறினால் இரும்பு அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இது விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

"தாத்தா."

அவள் குரல்.

"தாத்தா, சுடுது. தொறங்க."

கை தானாகத் திருகுப் பிடிக்குப் போனது. அந்த நிலையில் திறந்தால் நீராவி என் முகத்தை உரித்துவிடும். அது தெரிந்தும் கை போனது.

"என் பொண்ணு இருக்கா தாத்தா. தொறங்க."

உள்ளே இருப்பது நான்கு டப்பா. என் கையாலேயே வைத்தேன். அப்படியென்றால் அவள் எங்கே?

பிடியை விட்டுவிட்டுப் படியில் ஓடினேன்.

மூன்றாம் மாடி அறையில் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. இடது கை மேசைமேல் நீட்டியிருந்தது. மேல் கையில் ரப்பர் பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி அழகாக முடிச்சுப் போட்டிருந்தது. ஒற்றைக் கையால் யாரும் போட முடியாத முடிச்சு. ஊசி நரம்பில் இருந்தது. ஊசியின் மறுமுனையில் டியூப் நிறைந்துகொண்டிருந்தது.

டியூப்பை யாரும் பிடித்திருக்கவில்லை. அது மேசையைத் தொடாமல் நின்றது.

பக்கத்துத் தாங்கியில் எட்டு நிறைந்த டியூப். ஒன்பதாவதற்கு இடம் காலியாக இருந்தது.

ஊசியைப் பிடுங்கினேன். பட்டையை அறுத்தேன். கீழே ஆட்டோகிளேவ் வேலையை முடித்து மணியடித்தது இங்கே வரை கேட்டது. அந்த நிமிடம் டியூப் தரையில் விழுந்து உடைந்தது. அறைக் கதவு தானே திறந்தது. மேல்சட்டத்தில் எதுவோ டொம் என்று இடித்துக்கொண்டு வெளியே போனது.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கிருமியை அழித்தது நான்தான் என்று பெரிய டாக்டரிடம் நானே சொன்னேன். அன்றே வெளியே அனுப்பினார். காகிதம் நீட்டினார், நான் கையெழுத்துப் போடவில்லை.

அவளைப் பார்க்கப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எனக்கு இருந்தது அது ஒண்ணுதான் தாத்தா," என்றாள். "அதையும் கொன்னுட்டீங்க."

"உசிரு இருக்குல்ல?"

"இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். ஐந்து மாதம் எந்தச் சேதியும் இல்லை. போன வாரம் ஒரு காலை, பத்து மணி இருக்கும், போன் வந்தது.

"தாத்தா, நான்தான். கோபமா இருக்கீங்களா?"

"எனக்கென்ன கோபம். எங்க இருக்கே?"

"வேற ஊரு. சின்ன லேப்தான், வேற கிருமி. ஆறு மாசம் பாக்கறேன்னு எடுத்திருக்காங்க. பொண்ணு கூடவே இருக்கா தாத்தா. அம்மாங்கறா." குரலில் பழைய சிரிப்பு இருந்தது. "அதவிட, முதல் தடவையே ரிசல்ட் வந்துடுச்சு. தட்டு சுத்தமா இருக்கு. இப்பத்தான் எடுத்துப் பாத்தேன், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாரோட ரத்தம்?"

அவள் தட்டை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

"பாப்பா, யாரோட ரத்தம்னு கேட்டேன்."

"தெரியல. நேத்து காலையில நான் வந்தப்ப தாங்கியில இருந்துச்சு. யாரோ வெச்சிருப்பாங்கன்னு..."

"சட்டைக் கைய மடிச்சுப் பாரு."

பொத்தான் கழற்றுகிற சத்தம் கேட்டது. துணி உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு பிளாஸ்திரியைப் பிய்க்கிற சத்தம்.

"தாத்தா," என்றாள், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "பஞ்சு இன்னும் ஈரமா இருக்கு."