சிவப்பை எடு!

டெலிபோன் அலறியது.

"கைய வெட்டிருவேன்!"

ஆஸிகா ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். "எந்தக் கைய?"

"டைப் பண்ணுற கைய!"

"நான் ரெண்டு கையாலயும்தான் டைப் பண்ற."

லைன் கட்!

கண்டி பஸார் மாடியொன்றில் சின்ன சொஃப்ட்வெயார் கம்பெனி. ஆஸிகா அங்கே இன்ஜினியர். சத்தம் கேட்டு முதலாளி ஸிபான் அப்போதுதான் படியேறி ஓடி வந்தான்.

"யாரு தங்கச்சி?"

"பொன்னையா, நானா," என்றாள், அண்ணனை அழைப்பதுபோல். "வத்தேகம ஏஜென்சிக்குப் புள்ள புடிக்கிறவர். வெளிநாட்டு வீட்டு வேலைக்கு நாம வெப் ஃபோம் செஞ்சி குடுத்தமே..."

"அதுக்கு என்ன?"

"ஃபோம் செய்ய ஒரு ரெடிமேட் கோட் லைப்ரரி எடுத்தேன். அதுக்கு என்னென்ன கேக்கணும்டு பட்டியல், ஸ்கீமாவக் குடுத்தா பேரு, திகதிக்கெல்லாம் அதுவே பெட்டி போட்டுரும். ஆனா அடையாள அட்டைக்கு அதுல தனிப் பெட்டி இல்ல. என்னத்த அடிச்சாலும் ஏத்துக்கும்! அதான் நானே ஒரு பெட்டி எழுதி அதோட சேர்த்தேன். அட்டை நம்பர்லயே பொறந்த வருஷமும் நாளும் ஈக்குதானே? ஃபோம்ல போடுற திகதி அதோட ஒத்து வராட்டி... செவப்பு! அனுப்ப ஏலாது."

"அப்ப?"

"நேத்து ஒரு புள்ளைக்கு இருபத்துநாலு வயசுன்டு அடிச்சிருக்காரு. நம்பர் பதினாறுன்டு சொல்லுது!"

ஸிபானின் முகம் வெளிறியது.

படிகளில் தடதடவென்று காலடி!

பொன்னையா. கையில் கத்தி. பின்னால், அழுது வீங்கிய கண்களோடு ஒரு சிறுமி. நேற்றைய ஃபோமில் இருந்த தெல்தோட்டை நிலூஷா.

"அந்தச் செவப்ப எடு!"

கத்தி கீபோர்டின் மேல் நின்றது.

"எடுத்துரு தங்கச்சி... உசிரு முக்கியம்!" என்றான் ஸிபான்.

ஆஸிகா டைப் அடித்தாள். பொன்னையா தானே குனிந்து அனுப்பும் பட்டனை அழுத்தினான்.

பச்சை!

"பாத்தீங்களா பாட்னர்? கத்தியக் காட்டுனா வேலை நடக்கும்னு சொன்னேன்ல!"

பாட்னர்...?

ஆஸிகா திரும்பினாள். ஸிபான் கதிரையை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தான்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. அந்த ஏஜென்சில பாதிப் பங்கு என்ட."

"தெரியும் நானா. ஏஜென்சி வெப்சைட்டே உங்கட பேர்லதானே பதிஞ்சு ஈக்கி."

"தெ... தெரியுமா?"

"இன்னொன்டு. செவப்ப எடுக்கத்தானே சொன்னாரு? எடுத்தேன். நிறத்த மட்டும். சோதனை அப்படியேதான் ஈக்கி. ஃபோம் எங்கயும் போகல்ல."

"அடியே!" பொன்னையா கத்தியை ஓங்கினான்.

நிலூஷா இரண்டு கைகளாலும் கீபோர்டைத் தூக்கினாள். அவன் மணிக்கட்டில் இறக்கினாள்.

டமார்!

கத்தி ஒரு பக்கம், எழுத்துகள் ஒரு பக்கம் பறந்தன!

"எனக்கு ஸ்கூல் இருக்கு!" என்று கத்தினாள் நிலூஷா. "நான் எங்கயும் போகமாட்டேன்!"

ஆஸிகா அவளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

ஸிபான் வாசலுக்குப் பாய்ந்தான்.

அதற்குள் பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர் நிஷாந்தினி! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஆஸிகா நேற்றே முறைப்பாடு கொடுத்திருந்தாள். ஸிபான் வருமுன்பே மூவரும் உள்ளே புகுந்திருந்தார்கள்.

விலங்கு பூட்டப்பட்டது.

"எல்லாத்தையும் கேட்டீங்களா...?" என்றான் ஸிபான்.

நிஷாந்தினி வேர்வையைத் துடைத்தாள்.

"கேட்டோம் மிஸ்டர். ஒரு பாத்ரூமுக்குள்ள மூணு பேரு! பாட்னர் யாருன்னு கொஞ்சம் சுருக்கா சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"