காணாமல் போகிற ஆயில்

புலி யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டாள். கடையில் மிட்டாய் நிறுத்தால், குனிந்து தராசின் அடியில் பார்ப்பாள். "பரீட்சை சுலபமாத்தான் இருக்கும்" என்று டீச்சர் சொன்னால், அன்றைக்குத்தான் இரண்டு மடங்கு படிப்பாள். அதனால் அம்மா அவளைச் சந்தேகப்புலி என்று கூப்பிட ஆரம்பித்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெயரில் இருந்த சந்தேகம் தேய்ந்து புலி மட்டும் மிஞ்சியது. ஆளிடம் இருந்த சந்தேகம் தேயவில்லை.

அம்மா படகு ஓட்டுகிறாள். ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடைகள், சமயத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. படகின் நடுவில் ஒரு மரப்பெட்டி உண்டு. பயணிகள் அதன் மேல் உட்காருவார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே எஞ்சின்.

அந்த எஞ்சினில்தான் ஆயில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

எஞ்சினின் முன்பக்கத்தில் ஆயில் அளக்கும் கம்பி ஒன்று செருகியிருக்கும். கம்பியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். தினமும் காலையில் அம்மா அதை உருவிப் பார்ப்பாள். கொஞ்ச நாளாக ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. அம்மா ஊற்றுவாள். மறுநாள் பார்த்தால் மறுபடியும் குறைந்திருக்கும்.

போதாததற்கு, படகின் அடித்தட்டில் கறுப்பாக ஆயில் தேங்கியது. கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரிலும் கலந்து வானவில் மாதிரி மினுங்கியது. பார்க்க அழகுதான். படகுத்துறை மேற்பார்வையாளருக்கு மட்டும் அது அழகாகப் படவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன்" என்றார் அவர். "தண்ணியில கொஞ்சம் ஆயில் மினுங்கினாலும் உங்க படகை நிறுத்திடுவேன். இந்த ஓட்டத்தை வேற படகுக்குக் குடுத்துடுவேன்."

மெக்கானிக் மாமா வந்து, வயிற்றை அழுத்திக்கொண்டு பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். "ஆயில் பின்பக்கமாச் சொட்டுது. பின்னாடி ஆயில் வெளியே வராம அடைக்கிற சீல் போயிருக்கும். எஞ்சினையே தூக்கி வெளியே வைக்கணும்மா."

"எத்தனை நாள் ஆகும் அண்ணே?"

"மழைக்காலம் முடிஞ்சிடும்."

வீட்டில் அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

புலி படுத்துக்கொண்டே யோசித்தாள். படகு ஓடி முடிந்ததும் அன்று சாயங்காலம் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். படகு இன்னும் தண்ணீரில் மிதக்க, அம்மா கயிறு சுருட்டிக்கொண்டிருந்தபோது, எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, கம்பியை உருவிப் பார்த்திருந்தாள். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது. சாயங்காலம் அவ்வளவு இருந்த ஆயில் காலையில் எப்படிக் குறையும்? சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ஒரே ராத்திரியில் அவ்வளவு போய்விடுமா?

யாரோ எடுக்கிறார்கள். சந்தேகமே இல்லை.

யார் என்பதிலும் அவளுக்கு அதிகம் சந்தேகம் இல்லை. படகுத்துறையில் தூண்களைச் சரிசெய்கிறார்கள் என்று, அவர்கள் படகை இப்போது மணல் கரையில்தான் நிறுத்துகிறார்கள். பக்கத்தில் செங்கல் ஏற்றும் படகு ஒன்று நிற்கும். அதன் சொந்தக்காரர் யாரைப் பார்த்தாலும் முறைப்பார். புலி வைத்த பெயர் முறைப்பு மாமா. முந்தாநாள் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பியபோது புலி திரும்பிப் பார்த்தாள். அவர் இவர்கள் படகின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"அவர்தான்மா" என்றாள் புலி.

"கண்ணால பாக்காம ஒருத்தர் மேல பழி போடக்கூடாது."

"அப்போ கண்ணால பாக்கிறதுக்கு ஒரு வழி பண்றேன்."

வியாழக்கிழமை சாயங்காலம், எஞ்சின் பெட்டியின் மூடிக்கும் பலகைக்கும் நடுவில் கறுப்பு நூல் ஒன்றைப் பசை வைத்து ஒட்டினாள். யார் மூடியைத் தூக்கினாலும் நூல் அறுந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் பழைய தகரத் தட்டு ஒன்றையும் வைத்தாள். ராத்திரி எவ்வளவு ஒழுகுகிறது என்று அது சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தாள். நூல் அறுபடவில்லை.

மூடியைத் தூக்கினாள். தட்டில் கொஞ்சமே கொஞ்சம் ஆயில், ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. கம்பியை உருவினாள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே.

யாரும் எடுக்கவில்லை. ஒழுகவும் இல்லை. ஆனால் குறைந்திருக்கிறது. புலிக்கு இப்போது எஞ்சின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏய் பொண்ணு" என்று பின்னால் ஒரு குரல். முறைப்பு மாமா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வழக்கம்போல முறைத்தார். "உங்க படகுல இருக்கிற அழுக்கு ஆயிலை எதுக்கு என் படகுப் பக்கம் கொட்டுறீங்க?"

"நாங்க கொட்டலை. நீங்க எதுக்கு மாமா சாயங்காலம் எங்க படகைத் தொட்டுக்கிட்டு நின்னீங்க?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "நான் உங்க படகை இழுத்து மேல ஏத்துறேன்."

"எதுக்கு?"

"உங்கம்மா போடுற முடிச்சு மேல எனக்கு நம்பிக்கை இல்லை. காத்தடிச்சா அவுந்துடும். படகு ஆத்தோட போனா யாரு தேடுறது? அதான் தினமும் மூக்கை மணல்ல நல்லா ஏத்தி வெச்சுட்டுப் போறேன்."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "என் முடிச்சுக்கு என்ன குறைச்சல்?" என்று ஆரம்பித்தாள். அவர் முடிச்சின் குறைகளை விளக்க ஆரம்பித்தார்.

புலி அதைக் கேட்கவில்லை. படகையே பார்த்தாள். மூக்கு மணலில் உயர்ந்து, வால் தண்ணீரில் தாழ்ந்து, சறுக்குமரம் மாதிரி சாய்ந்திருந்தது படகு. ஒரு பயணி மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில் பலகையில் கிடந்தது. பாதித் தண்ணீர் இருந்தது. அது முழுவதும் படகின் வால் பக்கமாக இறங்கி நிற்க, மூக்குப் பக்கம் காலியாக இருந்தது.

ஆயில் கம்பியும் எஞ்சினின் முன்பக்கத்தில்தானே இருக்கிறது.

"அம்மா, சண்டையை அப்புறம் போடலாம். படகைத் தண்ணியில தள்ளுங்க."

"எதுக்குடி?"

"ஆயில் எங்கயும் போகலை. பின்னாடி போயிருக்கு."

மூன்று பேரும் சேர்ந்து தள்ளினார்கள். படகு சர்ரென்று இறங்கி, தண்ணீரில் நேராக மிதந்தது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து புலி கம்பியை உருவி, துடைத்து, மறுபடி செருகி எடுத்தாள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தது.

அம்மா கம்பியைப் பார்த்தாள். பிறகு ஆயில் டப்பாவைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் கை வைத்தாள். "சாய்ஞ்ச படகுல அளந்து, குறையுதுன்னு நானே தினமும் ஊத்தியிருக்கேன்."

"எஞ்சின் வேண்டாததைத்தான் வெளியே துப்புது" என்றாள் புலி.

"வயிறு நிறைஞ்ச பிள்ளைக்கு ஊட்டுனா கக்கத்தானே செய்யும்" என்றார் முறைப்பு மாமா. அவர் சிரித்ததைப் புலி பார்த்தது அதுதான் முதல் தடவை. முறைப்பதைவிட அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

மெக்கானிக் மாமாவை வரவழைத்தார்கள். அவர் முதலில் நம்பவில்லை. தானே கம்பியை உருவிப் பார்த்த பிறகு, ஒரு கைப்பம்பை எடுத்து, கம்பி இருந்த துளையில் குழாயை விட்டு, அதிகப்படி ஆயிலை உறிஞ்சி எடுத்தார். டப்பா நிரம்ப வந்தது.

"இனிமே ஒழுகாதா?" என்றாள் அம்மா.

"அதிகமா இருந்த ஆயில் எங்கயோ வழி பண்ணித்தானே வெளியே வந்திருக்கு. அந்த வழியைக் கண்டுபிடிக்கணும்." எஞ்சினைத் துணியால் பளபளவென்று துடைத்தார். "பாப்பா, வீட்ல முகத்துக்குப் போடுற பவுடர் இருந்தா கொண்டு வா."

புலி ஒரு கண்ணைச் சுருக்கினாள். "எதுக்கு? எஞ்சினைப் பொண்ணு பாக்க வராங்களா?"

"கொண்டு வா, சொல்றேன்."

எஞ்சின் முழுவதும் பவுடரைத் தூவினார். எஞ்சின் கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது. பிறகு ஓடவிட்டார். எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்கள்.

"அதோ" என்றாள் புலி.

எஞ்சினின் மேல்மூடியின் பின்மூலையிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கிளம்பியது. பவுடரை நனைத்துக்கொண்டு, எறும்பு மாதிரி மெதுவாக இறங்கி, எஞ்சினின் பின்புறம் வழியாக அடிக்குப் போய், மெக்கானிக் மாமா சந்தேகப்பட்ட சீலுக்குப் பக்கத்தில் சொட்டியது. சீலைச் சுற்றியிருந்த பவுடர் நனையவே இல்லை.

மெக்கானிக் மாமா எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சொட்டுற இடத்தைப் பாத்துட்டு, அங்கதான் ஓட்டைன்னு நினைச்சுட்டேன்."

"அப்போ எஞ்சினைத் தூக்க வேண்டாமா?"

"மூடியை மட்டும் தூக்கினாப் போதும்."

எஞ்சின் ஆறியதும் மேல்மூடியைக் கழற்றினார். மூடிக்கு அடியில் தக்கைப் பட்டை ஒன்று இருந்தது. கேஸ்கெட் என்றார். பின்மூலையில் அது பிய்ந்து தொங்கியது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். திருகுகளை ஒரே பக்கமாக முறுக்காமல், இந்த மூலை ஒன்று, எதிர்மூலை ஒன்று என்று மாற்றி மாற்றி முறுக்கினார்.

அடித்தட்டில் தேங்கியிருந்த ஆயிலைத் துடைப்பதுதான் பெரிய வேலை. முறைப்பு மாமா ஒரு கூடை மரத்தூளைக் கொண்டுவந்து கொட்டினார். புலி பக்கத்தில் உட்கார்ந்து அள்ளினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, நீங்கதான் ஆயில் திருடறீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க வேணும்னே கொட்டுறீங்கன்னு நான் நினைச்சேன்." அவர் மரத்தூளை இன்னொரு கை அள்ளினார். "சரியாப் போச்சு. அந்த மூலையில இன்னும் இருக்கு பாரு."

சாயங்காலம் மேற்பார்வையாளர் வந்தார். "ஓடவிடுங்க" என்றார். அம்மா எஞ்சினைக் கிளப்பினாள். அவர் குடை நுனியால் தண்ணீரைக் கலக்கிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, படகுக்கு அருகில் தண்ணீரில் போட்டு எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

காகிதம் ஈரமாக மட்டும் இருந்தது.

"அன்னிக்கு அவ்வளவு மினுங்குச்சே, இன்னிக்கு எப்படி?" என்றார் நம்பிக்கை இல்லாமல்.

"வேணும்னா எஞ்சினையும் பாருங்க சார்" என்று மூடியைத் திறந்தாள் புலி. அவர் குனிந்தார், அடியில் தடவினார், விரலைப் பார்த்தார். விரலில் பவுடர்தான் ஒட்டியிருந்தது.

மூடியை மூடிவிட்டு, பெட்டியின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

"சரி, அக்கரைக்கு விடுங்க" என்றார். "எனக்கும் வீட்டுக்குப் போகணும்."

அம்மா சிரித்துக்கொண்டே படகைத் திருப்பினாள். புலி படகின் வால் பக்கம் போய் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். படகுக்குப் பின்னால் வெறும் வெள்ளை நுரை நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.