வில்லையில் கீறிய பேர்

பூங்கோதை "மாயவா" என்று கூப்பிட்டால் அந்த நாய்க்குட்டி காதைக்கூட அசைக்காது. ஆனால் சோற்றை வைத்துவிட்டு அவள் முகம் கழுவி வருவதற்குள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சியிருக்காது. சாப்பாட்டுக்கு மட்டும் காது கேட்கும் போல என்று நினைத்து அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குட்டி என்று சொன்னால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கிரேட் டேன் சாதி, ஐந்து மாதத்திலேயே கன்றுக்குட்டி உயரம். வேப்பூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து மீட்டது என்று சொல்லி, தென்றல் என்ற பெண் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். ஆதரவில்லாத நாய்களுக்கு வீடு தேடித் தருகிற குழுவைச் சேர்ந்தவள். "மூணு வாரம் வச்சிருந்து பாருங்கக்கா. நல்லா தின்னு எடை ஏறுச்சுன்னா உங்களுக்கே எழுதிக் குடுத்துடுவோம். ஏறலன்னா திருப்பி எடுத்துக்குவோம், எங்க ரூல்ஸு அது" என்றாள். நாயின் பேர் அவளுக்கும் தெரியவில்லை. கழுத்துப் பட்டையில் வெள்ளைப் பீங்கான் வில்லை ஒன்று தொங்கியது. சுடுவதற்கு முன்பே ஆணியால் கீறிய எழுத்து: மாயவன். பூங்கோதை அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள்.

கணவன் கோவிந்தராசு செத்துப்போய் எட்டு மாதம் ஆகிறது. அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே சொன்னார்கள், அதுவும் வலிக்கவில்லை. விடிந்ததும் பீங்கான் பட்டறைக்குப் போவாள், பியூஸ் கட்டைகளின் ஓரத்துப் பிசிறைச் சுரண்டுவாள், மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவாள். உடம்பு பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். இந்த நாய் வந்த பிறகுதான் வீட்டை நோக்கிக் கால் கொஞ்சம் வேகம் பிடித்தது. எட்டு மாதத்தில் வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான்.

சாப்பாடு முடிந்ததும், வெயிலுக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கட்டிலில் சாய்வாள். "மாயவா, வந்து படுடா" என்பாள், கண்ணைத் திறக்காமலே. மின்விசிறி சுற்றுகிற கரகர சத்தத்துக்கு நடுவில், சற்று நேரம் கழித்து, முதுகுப் பக்கம் மெத்தை மெல்ல அழுந்தும். நல்ல கனமான உடம்பு. ஈரக் களிமண்ணும் காயாத துணியும் கலந்த வாடை ஒன்று தலையணை வரைக்கும் ஏறி வரும். பிடரியில் மூச்சு படும், சூடே இல்லாத மூச்சு. நாய் என்றால் நாற்றம் இருக்கத்தானே செய்யும். பக்கத்தில் ஓர் உயிர் இருக்கிறதே என்று தூங்கிப்போவாள். எழுந்து பார்த்தால் நாய் குளியலறை மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குளிர்ச்சிக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது வாரம் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வரும்போது இருந்ததுல மூணு கிலோ கொறைஞ்சிருக்குது. சோறு போடுறீங்களா, இல்லியாம்மா?"

"தட்டு காலியாவுதுங்களே சார்."

பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் தென்றல் வருகிற நாள். எடை குறைந்த நாயைத் தரமாட்டார்கள். அது போய்விட்டால் தனக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு பாதியிலேயே மரத்துப் போயிற்று. கறி போட்டுச் சோறு பிசைந்து அடுப்படியில் வைத்தாள். "மாயவா, சாப்பிட வா." அதற்குள் கூடத்தில் போன் அடித்தது.

"அக்கா, அந்த வூட்டுக்கு எதிர்ல இருக்கறவங்கள புடிச்சுட்டேன்" என்றாள் தென்றல். "நாய் பேரு டைசனாம்."

"வில்லையில மாயவன்னு போட்டிருக்குதேம்மா?"

"அது அந்த வூட்டுக்காரர் பேருக்கா. உங்க ஊரு சூளையிலதான் வேலை பாத்தாராம். தனி ஆளு. கட்டில்லயே செத்துக் கெடந்திருக்காரு, நாலு நாளு யாரும் பாக்கல. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல. நாளைக்கு வரேங்க்கா."

பூங்கோதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பட்டறைச் சரக்கையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கித்தான் சூளைக்குள் வேக விடுவார்கள். கலந்துவிடாமல் இருக்க, பச்சை மண்ணிலேயே பேர் கீறி விடுவார்கள். பொருளுக்கு யார் பேர் வைக்கிறார்கள்? வெந்து ஆறின பிறகு வந்து எடுத்துக்கொண்டு போகிறவன் பேர்தான் அது. இருபது வருடமாக அவளே கீறுகிறாள்.

அப்படியானால் இத்தனை நாளும் யாரைச் சாப்பிடக் கூப்பிட்டாள்? யாரை வந்து படுக்கச் சொன்னாள்?

"டைசன்" என்றாள். கூடத்துத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

குளியலறையிலிருந்து நாய் பாய்ந்து வந்தது. முதல் தடவையாக. அவள் மடியில் தலையைத் திணித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது. பூங்கோதை பயந்தாள். எட்டு மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று உறைத்தது, அது பயம்.

அடுப்படியில் தட்டு நகர்ந்தது.

சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் உரசுகிற சத்தம். மெல்லுகிற சத்தம். நிதானமாக.

நின்றது.

வெறுங்கால் நடை. படுக்கையறைப் பக்கம்.

பட்டையைக் கழற்றினாள். கொக்கி இரண்டு தடவை வழுக்கிற்று. மூன்றாவது தடவை கழன்றது. நாய் அந்தக் கணமே எழுந்தது. திறந்திருந்த வாசல். படி. தெரு. அவள் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது.

பட்டை, அவன் பேர் கீறிய வில்லையோடு, அவள் கையில் இருந்தது. அதைக் கீழே போட நினைத்தாள். விரல் விரியவில்லை. ஓட நினைத்தாள். கால் மரத்திருந்தது. பயமும் வடிந்துகொண்டிருந்தது, வந்த வேகத்திலேயே.

படுக்கையறையில் கட்டில் முனகியது. அறைவாசல் திரைச்சீலை விலகித்தான் இருந்தது, கூடத்திலிருந்தே கட்டில் தெரிந்தது. மெத்தையின் பள்ளம் சுவரோரமாக நகர்ந்து, அவள் படுக்கிற பாதியை விட்டுக்கொடுத்தது. அந்தப் பாதியில், உள்ளங்கை அகலத்துக்கு, தட்டிக் கூப்பிடுவதுபோல் மெத்தை அழுந்தி எழுந்தது.

மறுபடியும் அழுந்தியது. பொறுமையாக.