இடது கைக்கு ஒரு எழுத்து

தடுப்புக்குப் பின்னால் டெலிபிரிண்டர் ஒரே ஒரு தடவை தட்டியது. டக்.

ஆண்டாள் நிமிர்ந்து பார்த்தாள். அது தட்டியிருக்க முடியாது. விஸ்வகர்மா பூஜை என்று காலையிலேயே பட்டறையின் மெயின் ஸ்விட்சை இறக்கி அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். இன்று ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு. ஸ்குரூ டிரைவரைக்கூட யாரும் தொடமாட்டார்கள். பிரசாதக் கிச்சடி சாப்பிட்டுவிட்டு எல்லாரும் காத்தாடி விட மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். எதிரி காத்தாடி அறுந்து விழும்போதெல்லாம் 'போகாட்டா!' என்ற கூச்சல் அந்த வங்காள ஊரின் கஸ்பாப் பேட்டையில் மாடி மாடியாகத் தாவி, பாலிகஞ்ச் ரயில் பாதை வரை போய் அடங்கியது. கீழே, நீளமான கூடத்தில், சாம்பிராணிப் புகையும் மெஷின் எண்ணெயும் கசங்கிய சாமந்தியும் கலந்த ஒரு வாசனை இறங்கி நின்றது. அதற்கும் அடியில் ஃபினாயில் வாசனை. மூன்று வாரமாக எவ்வளவு கழுவியும், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினின் காலடியிலிருந்து அது போகவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தாள். டெலிபிரிண்டரின் பிளக் சுவரில் இல்லை. மாலை சுற்றித் தரையில் கிடந்தது. ஆனால் காகிதத்தில் ஒரு எழுத்து இருந்தது. மை காயாமல்.

ஆங்கில எல்.

அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். பிரஸ்ஸை ஓட்டும் அந்தச் சின்னச் சிப்புக்கு ஆயிரம் பைட் நினைவு உண்டு, நாற்பது கால் உண்டு, பேச வாய் கிடையாது. உள்ளே புரோகிராம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அவள் தவித்திருக்கிறாள். கடைசியில் சும்மா கிடந்த ஒரு காலை வாயாக்கினாள். அந்தக் காலில் மின்சாரத்தை ஏற்றி, காத்திருந்து, இறக்கி, காத்திருந்து, துடிப்புத் துடிப்பாக ஒரு எழுத்தை வெளியே அனுப்பும் குட்டி ரொட்டீன். ஒரே ஒரு கம்பி அதைத் தந்தி ஆபீஸ் கழித்துப் போட்ட இந்த டெலிபிரிண்டருக்குக் கொண்டுவந்தது. இடது பொத்தானில் கை இருந்தால் எல். வலது பொத்தானில் கை இருந்தால் ஆர். இரண்டும் இருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும்; இறங்கும்போது டி.

முதல் நாள் அது பேசியபோது பிரஸ் ஓட்டும் நிதாய்தான் பக்கத்தில் நின்றான். பெரிய மீசை, சட்டைப் பையில் எப்போதும் பொரி. அவன் இடது கையை வைப்பான், எல். எடுப்பான், மறுபடி வைப்பான். குழந்தை மாதிரி சிரித்தான். அக்கா என்ற அர்த்தத்தில் அவளைத் 'தீதிமணி' என்றுதான் கூப்பிடுவான். "பாருங்க தீதிமணி, என் கை பேசுது!" பிறகு கூடமே கேட்கும்படி, "இந்த ஊர்ல மெஷின் பேசுது, தீதிமணிதான் பேசறதில்ல" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டாளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

உண்மைதான். பி.எஸ்ஸி. முடித்து இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் அதிகம் சொன்ன வார்த்தை 'சரி சார்'தான்.

வேலை முடிந்ததும் அந்த ரொட்டீனை எடுத்துவிட்டுத்தான் கடைசிச் சிப்பைப் பதித்துக் கொடுத்தாள். அதை மானேஜர் குருமூர்த்தி வாங்கிக்கொண்டு போய், உற்பத்தி போதவில்லை என்று அவளுக்குச் சொல்லாமல் மாற்றினார். இடது கையைப் பார்க்கும் வரிகளை அழித்தார். வலது கை பொத்தானில் இருந்தால் போதும். இடது கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே ஓட்டலாம். நிதாய் அப்படித்தான் ஓட்டினான். வலது கை பொத்தானில் இருந்தபோது இடது கை உள்ளே இருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவு தப்புவதற்கு முன் அவன் தன் இடது கையைக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். பிறகு கண் விழிக்கவேயில்லை.

நாளை ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார்.

"சிப் பேசறப்போ அதுக்குக் கண் தெரியாது, இல்லையா?" நேற்று குருமூர்த்தி அவளிடம் மெதுவாகக் கேட்டிருந்தார். "ஒரு எழுத்தை அனுப்பி முடிக்கற வரைக்கும் பொத்தானைப் பார்க்காது. அந்த நேரத்துல கை மாட்டிண்டுதுன்னு சொல்லிடலாம். நீ பேசற ரொட்டீனோட ஒரு சிப் பதிச்சு வை. அதைத்தான் மெஷின்ல காட்டப்போறோம். எடுக்க மறந்துட்டேன்னு நீ சொல்லணும். சின்னப் பொண்ணு, முதல் வேலை. என்ன பண்ணிடப் போறா உன்னை?"

"சரி சார்" என்றிருந்தாள்.

அந்தப் புதுச் சிப் இப்போது அவள் மேஜையில் இருந்தது. நிதாயின் கையை எடுத்த பழைய சிப்பும் அதன் பக்கத்தில். அப்படியென்றால் பிரஸ்ஸின் கன்ட்ரோல் பெட்டியில் சாக்கெட் காலி. கம்பியின் அந்த முனையில் எதுவுமே இல்லை.

டக்.

அவள் கண் முன்னாலேயே சுத்தியல் எழுந்து காகிதத்தில் விழுந்தது. எல்.

வெளியே வானம் மங்கிக்கொண்டு வந்தது. தெருவில் கரண்ட் போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோ பாட்டின் நடுவில் நின்றது. விஸ்வகர்மா சிலைக்கு முன்னால் எரிந்த அகல் ஒன்றுதான் கூடத்தில் வெளிச்சம். அதில் பிரஸ்ஸின் நிழல் சுவரில் ஏறி, தோள் அகன்ற ஆள் மாதிரி குனிந்து நின்றது.

டக். டக்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தடுப்பைத் தாண்டி. எண்ணெய் டின்களைத் தாண்டி. கம்பி லேசாகத் துடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பிரஸ்ஸின் முன்னால் இரண்டு பொத்தான்கள். உள்ளங்கை அகலம். காலையில் இரண்டுக்கும் செந்தூரம் பூசியிருந்தார்கள்.

இடது பொத்தான் அமுங்கியிருந்தது.

விரலால் நெம்பிப் பார்த்தாள். எழவில்லை. மேலிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி.

கையை எடுத்தாள். விரலில் செந்தூரம். ஈரமாக.

"என்ன இருட்டுல நின்னுண்டிருக்கே?"

அவள் சட்டென்று திரும்பினாள். குருமூர்த்தி டார்ச்சோடு வாசலில் நின்றார். பட்டு ஜிப்பா, நெற்றியில் பூஜைப் பொட்டு, வாயில் வெற்றிலை.

"சிப் ரெடியா?"

"ரெடி சார்." விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "சார், இன்னிக்கு மெஷினைத் தொடக் கூடாதும்பா..."

"நீயும் பெங்காலி ஆயிட்டியா? சிப்பை மாட்டி, மெயினைப் போட்டு, ரெண்டு தரம் இறக்கிப் பார்த்துட்டுப் போயிண்டே இருப்போம். மாடியில இருக்கறவாளுக்கு இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேட்காது."

"கரண்ட் இல்ல சார்."

"வரும். அதுக்குள்ள இந்த மாலையை எடுத்துடலாம்." டார்ச்சை அடித்தார். பிரஸ்ஸின் தலையில் போட்டிருந்த சாமந்தி மாலை நழுவி, மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவில் சிக்கிக் கிடந்தது. "எவன் போட்டான் இப்படி? அந்த நிதாய் மாதிரியே அரைகுறைப் பசங்க."

ஆண்டாள் அந்த மாலையையே பார்த்தாள்.

"அவன் குடிச்சிருந்தான்னும் நாளைக்கு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிடு. கேஸ் இன்னும் லேசாயிடும்."

நிதாய் குடிக்கமாட்டான். பொரிதான் தின்பான்.

டக்.

"என்ன சத்தம்?"

"டெலிபிரிண்டர் சார்."

"எலி ஓடறது போல." அவர் டார்ச்சை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். ஆனாலும் ஒரு கணம் தயங்கி, பிரஸ்ஸை மேலும் கீழும் பார்த்தார். "மெயின் இறங்கித்தானே இருக்கு?"

அவள் பார்த்தாள். மெயின் இறங்கியிருந்தது. ஊரிலேயே கரண்ட் இல்லை. சாக்கெட்டில் சிப் இல்லை. எல்லாம் உண்மை.

பிறகு பொத்தான்களைப் பார்த்தாள். இடது, அமுங்கியபடி. வலது, மேலே.

வலது பொத்தானின் செந்தூரத்தில் மெல்ல ஒரு பள்ளம் விழுந்தது. ஐந்து விரல்.

"ஆமாம் சார்" என்றாள். "இறங்கித்தான் இருக்கு."

"கையை விட்டு எடுத்துடறேன். நீ டார்ச்சைப் பிடி."

டார்ச்சை வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்தை மாலையின் மேல் நிறுத்தினாள். ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்.' அது அவள் நாக்கில் இருந்தது. அதன் பக்கத்திலேயே, பழகிய இடத்தில், இன்னொன்றும் இருந்தது.

"சரி சார்."

குருமூர்த்தி குனிந்தார். இடது கை உள்ளே போனது. மணிக்கட்டு. முழங்கை.

தடுப்புக்குப் பின்னால், டக்.

இந்த முறை வேறு சத்தம். சுத்தியல் வேறு இடத்தில் விழுகிற சத்தம். அவளுக்குத் தெரியும்.

ஆர்.

மாடியில் யாருடைய காத்தாடியோ அறுந்தது. 'போகாட்டா! போகாட்டா!' கூரை அதிர்ந்தது. அந்தக் கூச்சலுக்குள் டி விழுந்ததோ, குருமூர்த்தி அலறினாரோ, எதுவும் தனியாகக் கேட்கவில்லை. அகல் மட்டும் ஒருமுறை நெளிந்தது.

டார்ச்சின் வட்டத்தில் மாலை. பட்டு ஜிப்பாவின் கை. கீழே ஃபினாயிலின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்து மூடியது. இறங்கிய இரும்பு ஏறவில்லை.

வலது பொத்தான் மேலே வந்துவிட்டது.

இடது பொத்தான் வரவில்லை. அதன் செந்தூரத்தின் மேல் ஒரு உள்ளங்கையின் ரேகைகள் அழுந்தியிருந்தன. அது எழும், பிறகு அமுங்கும். எழும், அமுங்கும். முதல் நாள் மாதிரியே, விளையாட்டாக.

இருட்டில் டெலிபிரிண்டர் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. எல். எல். எல்.