அழைக்க முடியாத தூரம்

சிலி நாட்டின் சாந்தியாகோ அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். ஒருத்தி லாகோஸில் தம்பி மகளின் பிறந்தநாளுக்குப் போயிருப்பாள். ஒருவன் சேலத்தில் சித்தி வீட்டுப் பால்காய்ப்புக்குத் தலையைக் காட்டிவிட்டுச் சாயங்காலக் கூட்டத்துக்குத் திரும்பிவிடுவான். வான்தாவி என்ற அதிவேக ஊர்தி வந்தபின் எந்த ஊரும் எந்த ஊருக்கும் ஐம்பது நிமிடம்தான். மதுரைக்கும் சாந்தியாகோவுக்கும் நடுவே பதினாறாயிரம் கிலோமீட்டர் கிடப்பதை மாரிக்கனி ஒருத்திதான் இன்னும் மறக்காமல் இருந்தாள்.

அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பூகோள உருண்டையில் மதுரைக்கு அந்தப் பக்கம் விரலை வைத்துத்தான் இந்த வேலையைத் தேடினாள். என்ன பிரயோசனம்? வயதானவர்களைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்று கொண்டுவந்த ‘அண்மைச் சட்டம்’, பெரியப்பாவின் கையில் சாட்டையாகிவிட்டது. குடும்பம் அழைத்தால் வந்தாக வேண்டும். வராவிட்டால் வெளிநாட்டு வேலை அனுமதி ரத்து. நேற்று அழைப்பு வந்தது: நாளைக் காலை அவளுக்கு நிச்சயதார்த்தம்.

“அந்த ஆளை நான் பார்த்ததே இல்லையே, பெரியப்பா” என்றாள் போனில்.

“நாளைக்குப் பாரு. அம்பது நிமிஷம் உக்காந்து வர்றதுக்கு என்ன வலிக்குது? படிச்ச திமிரு.”

“திமிருதான். நானே படிச்சு வாங்கினது.”

திட்டித் தீர்த்தாளே தவிர, வழி தெரியவில்லை. தாவியின் அதிர்வைத் தாங்காத இதய நோயாளிகளுக்காகப் பழைய விமானங்கள் இன்னும் பறந்துகொண்டிருந்தன. அதில் மதுரைக்கு முப்பது மணி நேரம். யாரும் ஏறலாம்; ஏறியவரை, இறங்கும்வரை சட்டம் தொடாது. ஆனால், அழைப்பு வந்தவருக்கு அதில் டிக்கெட் கிடையாது. விமான நிலையக் கவுன்டரில் இருந்தவன் கையை விரித்தான்.

வெளியே வந்தபோது அம்மாவிடமிருந்து போன். இந்தக் கல்யாணப் பேச்சில் ஒரு வார்த்தை பேசாத அம்மா. ‘உனக்கு வாயே இல்லையா?’ என்று போன வாரம்தான் மாரிக்கனி அவளிடம் கத்தியிருந்தாள்.

“கனி, பழைய பிளேன்ல ஏறிட்டேன். உன்னப் பாக்க வர்றேன். சன்னல் சீட்டு.”

“அம்மா! அது வந்து சேர முப்பது மணி நேரம் ஆகும்!”

“கேட்டுட்டுத்தானடி ஏறினேன். காலையில உங்கப்பாவும் பெரியப்பாவும் தட்ட வச்சிக்கிட்டு நிக்கட்டும். பெத்தவ இல்லாம எப்படி மாத்துறாங்கன்னு பாப்போம். நாளைய விட்டா ஆடி பொறந்துரும்.”

“உன்னை இறக்கச் சொல்லி அழைப்பு அனுப்புவாரும்மா.”

“கதவச் சாத்திட்டாங்க. பெல்ட்டப் போடச் சொல்லுது அந்தப் புள்ள. வச்சிர்றேன்.”

மாரிக்கனி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு டிக்கெட் தர யாரும் மறுக்கவில்லை. அவள் பெயரில் அழைப்பே கிடையாது. ஆள் விட்டுக் கூப்பிட வேண்டிய தூரத்தில் அம்மா அதுவரை இருந்ததே இல்லை.

மறுநாள், அவள் கிளம்புமுன்பே அழைப்பு ரத்தானதாகச் செய்தி வந்தது. ஆடி முடியும்வரை காத்திருக்க முடியாது என்று மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிப் போய்விட்டார்களாம். பெரியப்பா போன் செய்து கத்தினார். அவள் போனை மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

விமான நிலையத்தில் ஏழெட்டுப் பேர்தான் காத்திருந்தார்கள். கடலுக்கு மேலே எதிர்க்காற்று, விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் சலித்துக்கொண்டார். சோறு போடச் சொல்ல ஆளில்லாமல், அந்த உயரத்தில் அம்மா இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள்.

“மெதுவா வரட்டும் சார்” என்று காலை நீட்டிக்கொண்டாள் மாரிக்கனி.