குளியல் தொட்டியில் கடல் தண்ணீர்

குளியல் தொட்டியில் தண்ணீர் தெளிந்திருந்தது. பத்து நிமிடத்துக்கு முன்புதான், மீன்தொட்டியில் வளரும் கடற்பஞ்சுகளுக்கு உணவாக ஊற்றும் பாசித் திரவப் புட்டி அவள் கையிலிருந்து நழுவி, கணவன் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்த உப்புத் தண்ணீர் முழுக்கப் பச்சையாகக் கலங்கியிருந்தது. துணி எடுத்து வருவதற்குள் அடியில் வெள்ளைப் பீங்கான் பளிச்சென்று தெரிந்தது.

"அடைப்பைத் திறந்தீங்களா?"

"இல்லையே."

யோசிக்கத் தெம்பில்லை. காலையிலிருந்து மூன்று வீடுகளில் பவளம் வளர்க்கும் மீன்தொட்டி கழுவிவிட்டு வந்திருக்கிறாள். அவன் பார்த்த வேலை, மூன்று வாரமாக அவள் தலையில். தொட்டி அழுக்கை இறக்க பம்பு இருக்கும்போதே குழாயை வாயால் உறிஞ்சுவான். "வாய் வைக்காதீங்க" என்று எத்தனை தடவை சொல்வது? சொன்னால் கேட்கிற ஜென்மமா? கடைசியாகப் போன வீட்டில், சுரண்டிப்போட்ட ஆரஞ்சுக் கடற்பஞ்சுத் தூளோடு ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிவிட்டான். பிறகு இருமல். பிறகு உடம்பெல்லாம் எரிச்சல். உப்புத் தண்ணீரில் கிடந்தால்தான் மூச்சு வருகிறது என்றான். ஆஸ்பத்திரி என்றால் நாளைக்கு, நாளைக்கு. அவளும் பக்கெட் பக்கெட்டாக உப்புக் கரைத்து ஊற்றி, இடுப்பே விட்டுப்போயிருந்தது. அவன் பிழைத்தால் போதும் என்றிருந்தது. சில சமயம், எப்படியாவது முடிந்தால் போதும் என்றும். அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

துணியைக் கீழே வைத்தாள்.

பச்சைத் தண்ணீரை இத்தனை சீக்கிரம் தெளியவைக்கிற ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். கடற்பஞ்சு. உடம்பெல்லாம் ஊசித்துளை, துளை வழியே தண்ணீரை இழுத்து, அதிலிருப்பதைத் தின்று, மிச்சத்தை மேலே ஒரு பெரிய வாயால் வெளியே தள்ளும்.

"எந்திரிங்க. ஆம்புலன்சுக்குச் சொல்லப்போறேன்."

"கொஞ்சம் இரும்மா." குரல் நனைந்து, தொண்டைக்கும் கீழே எங்கிருந்தோ வந்தது. "இப்பத்தான் சாப்ட்டேன்."

ஜன்னல் வழியே பட்டப்பகல் வெயில். கடல் கவிச்சி. குழாய் சொட்டவில்லை, ஆனாலும் எங்கோ தண்ணீர் மெல்ல ஓடும் சத்தம்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். விரல்கள் உள்ளே இறங்கின. எலும்பு தட்டுப்படவில்லை. கையை உருவிக்கொண்டாள். அவன் சறுக்கினான். முகம் தண்ணீருக்குள் போயிற்று.

"ஏங்க."

குமிழி வரவில்லை.

"ஏங்க, விளையாடாதீங்க."

நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். துடிப்பில்லை. செத்துவிட்டான் என்று நினைத்தாள். அப்போது உள்ளங்கையை ஏதோ இழுத்தது. ஒரு இடத்தில் அல்ல. நூறு இடத்தில். சின்னச் சின்னதாக. உறிஞ்சியது.

அவன் வாய் திறந்தது. தொண்டை இருக்க வேண்டிய இடத்தில், வயிறுவரை, ஆரஞ்சு நிறத்தில் வெறும் குழி. அதிலிருந்து தண்ணீர் நிதானமாக மேலே பொங்கியது. நிற்கவில்லை.

கண்கள் மட்டும் அவனுடையவை. அவை அவளைப் பார்த்தன. அழுதன.